மொழிபெயர்ப்பு முடிந்தாயிற்று, திரைக்கு எப்போது வரும்? கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு வெளியீட்டு வழிகள்

வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழுக்கு நேரே பச்சைப் பட்டை நிறைந்து 100% என்று நிற்கிறது. மூன்று மாதம் கழித்தும் பயனர் திரையில் அதே ஆங்கிலப் பட்டி. மொழிபெயர்த்தவர் சோர்ந்து போகிறார். பயனரோ, தமிழில் யாரும் வேலை செய்வதில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட குழுக்கள் வழக்கமாகக் கேட்பது: மென்பொருளோடு சேர்த்தே சீக்கிரம் வெளியிடச் சொல்வதா, தனி மொழிப் பொதி கேட்பதா, இணையம் வழியே நேராக இறக்குவதா, இல்லை கோப்பை நாமே தொகுத்துக் கையில் கொடுத்துவிடுவதா?

நான்குக்கும் இடம் உண்டு. ஆனால் எந்த இடத்தில் தாமதம் என்று பார்க்காமல் வழியை மாற்றினால், பழைய தாமதம் புது வழியிலும் கூடவே வரும்.

## முதலில் நான்கு தேதிகளை எழுதுங்கள்

அண்மையில் மொழிபெயர்த்த ஒரே ஒரு சரத்தை (திரையில் தெரியும் ஒரு சொல் அல்லது வாக்கியம்) எடுத்துக்கொண்டு அதன் பயணத்தைப் பின்தொடருங்கள்.

1. மொழிபெயர்த்த நாள். வெப்லேட்டில் அந்தச் சரத்தின் வரலாற்றுப் பகுதியில் இருக்கும். பிஓ கோப்பின் (ஆங்கிலச் சரமும் அதன் தமிழும் இருக்கும் கோப்பு) தலைப்பில் உள்ள திருத்தத் தேதி முழுக் கோப்புக்கானது. அதை நம்ப வேண்டாம்.
2. களஞ்சியத்தில் (மென்பொருளின் மூல நிரல் இருக்கும் இடம்) சேர்ந்த நாள். தமிழ்ப் பிஓ கோப்பில் அந்த வரிக்கு கிட் பிளேம் (வரியைக் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் கட்டளை) போட்டால் எந்தக் கமிட், அதாவது எந்தப் பதிவான மாற்றம், என்று தெரியும்; அது இணைக்கப்பட்ட நாளைப் பாருங்கள்.
3. வெளியீட்டு நாள். அந்தக் கமிட்டை உள்ளடக்கிய முதல் டேக்கின் (வெளியீட்டுக் குறி) தேதி.
4. பயனர் கணினிக்கு வந்த நாள். அவருடைய இயங்குதளத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது, அது எப்போது வந்தது என்று பாருங்கள்.

முதல் இரண்டு தேதிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால், ஒப்புதலிலோ இணைப்பிலோ தேக்கம். வெப்லேட் இயல்பாக 24 மணி நேரத்துக்குள் மாற்றங்களைத் தன் கிட் பிரதியில் கமிட் செய்துவிடும். அதற்கு மேல் ஆகிறதென்றால், களஞ்சியத்துக்குத் தானாகத் தள்ளும் அமைப்பு முடக்கப்பட்டிருக்கும். அல்லது புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கச் சொல்லும் கோரிக்கை) யாரும் தொடாமல் கிடக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இடைவெளி என்றால் வெளியீட்டு நாட்காட்டிதான் காரணம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே என்றால் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள். டெபியனின் நிலைப் பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. மொழிபெயர்ப்பு புதிது என்பதற்காக மட்டும் நடுவில் அதைத் திறக்க மாட்டார்கள்.

தனி மொழிப் பொதி வேண்டும் என்று கேட்கும் பல குழுக்களுக்கு உண்மையில் முதல் இடைவெளிதான் பெரிது. பொதி எத்தனை வேகமாகப் போனாலும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சரம் அதில் ஏறப் போவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

வேகம் என்றால் சராசரி அல்ல, அதிகபட்சக் காத்திருப்பு. அடுத்தது, தவறான சரம் வெளியே போனால் எத்தனை நாளில் திரும்பப் பெற முடியும். மூன்றாவது, மென்பொருளின் பதிப்பும் மொழிபெயர்ப்பின் பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்துமா. நான்காவது, புதிய வேலை யார் தலையில் விழுகிறது: பொதி கட்டுவது, கையொப்பமிடுவது, வழங்கி (சர்வர்) நடத்துவது. ஐந்தாவது, இணையம் இல்லாமலும் பயனரின் தனியுரிமை கெடாமலும் நடக்குமா.

| வழி | அதிகபட்சக் காத்திருப்பு | தவறு போனால் | சுமை யாருக்கு |
|---|---|---|---|
| மென்பொருளோடு, அடிக்கடி | அடுத்த திருத்த வெளியீடு வரை; மாதக் கணக்கு | அடுத்த திருத்த வெளியீடு | பராமரிப்பாளர் |
| தனி மொழிப் பொதி | நாள் முதல் மாதம் வரை | புதிய பொதி | கட்டமைப்பை நடத்தும் திட்டம் |
| இணையம் வழி நேரடி | நிமிடங்கள் | நிமிடங்கள், ஆனால் அதற்குள் எல்லோருக்கும் போயிருக்கும் | வழங்கி நடத்துபவர் |
| கையால் கொடுப்பது | அன்றே | பயனரே நீக்க வேண்டும் | மொழிபெயர்ப்பாளர் |

## வழி 1: மென்பொருளோடு சேர்த்து, ஆனால் அடிக்கடி

பழைய வழி, அலுப்பான வழி. ஆனாலும் மேசைக்கணினி மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரி.

குனோம் என்ற லினக்ஸ் மேசைக்கணினிச் சூழல் மார்ச்சிலும் செப்டம்பரிலும் பெரிய பதிப்பை விடுகிறது. அதற்குச் சில வாரம் முன்பு சரங்கள் உறைந்துவிடும். அதன் பிறகு ஆங்கிலச் சரத்தை மாற்ற மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களின் அனுமதி வேண்டும். கேடிஈ கியர் என்ற செயலித் தொகுப்பு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று ஆண்டுக்கு மூன்று. நடுவில் மாதந்தோறும் திருத்த வெளியீடு. பெரிய வெளியீட்டைத் தவறவிட்டவர் அடுத்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. நிலைக் கிளையில் (ஏற்கெனவே வெளியான பதிப்பைத் திருத்திவரும் நிரல்) மொழிபெயர்த்தால் அடுத்த திருத்த வெளியீட்டிலேயே ஏறிவிடும்.

'நிலைக் கிளையில்' என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. புதிதாக வருபவர் அடுத்த பதிப்புக்கான உருவாக்கக் கிளையைத் திறந்து மொழிபெயர்த்துக்கொண்டே போவார். பயனரிடம் இருப்பதோ நிலைக் கிளை. கேடிஈயில் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புகள். குனோமின் டேம்ன்ட் லைஸ் தளத்தில் தொகுதிக்குள் போய்க் கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்லேட்டில் ஒரே திட்டத்துக்குள் இரண்டு கூறுகளாக வைத்து, மொழிபெயர்ப்புப் பரவல் என்ற அமைப்பை இயக்கினால், ஒரே ஆங்கிலச் சரம் இரண்டு கிளையிலும் ஒரே நேரத்தில் நிரம்பும். பராமரிப்பாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. பல திட்டங்களில் வெளியீட்டு முறை எதையும் தொடாமல் இதைச் செய்தாலே போதும்.

இனி மறைமுகச் செலவு. நிலைக் கிளையில் பராமரிப்பாளர் ஆங்கிலத்தை மெருகூட்டினால், மொழிபெயர்ப்பு பின்னோக்கிப் போகும். 'சேவ் ஃபைல்?' என்று இருந்ததை 'சேவ் த ஃபைல்?' என்று மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித் தொகுப்பின் எம்எஸ்ஜி-மெர்ஜ் பழைய தமிழை அருகில் வைத்து 'ஃபஸி' (ஐயத்துக்குரியது) என்று குறிக்கும். எம்எஸ்ஜி-எஃப்எம்டி, மென்பொருள் படிக்கும் எம்ஓ கோப்பைத் தொகுக்கும்போது ஃபஸி சரங்களை விட்டுவிடும். அதுதான் அதன் இயல்பு. விளைவு, நேற்று வரை 'கோப்பைச் சேமிக்கவா?' என்று இருந்த இடத்தில் இன்று ஆங்கிலம். ஒரு சொல்லுக்காக எல்லா மொழிகளும் ஒரே நாளில் அந்தச் சரத்தை இழக்கின்றன. வெளியீட்டுக்கு முந்தைய நாள் இப்படி நடந்தால் சரிசெய்ய ஆள் இருக்காது.

இன்னொரு செலவு பராமரிப்பாளரின் பயம். அதற்குக் காரணம் உண்டு. 'இத்தனை கோப்புகள் இந்த இடத்துக்கு நகலெடுக்கப்படுகின்றன' என்ற வகைச் சரத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எண் முதலில், இடத்தின் பெயர் பிறகு; சதவீதக் குறியோடு முதலில் டி, அடுத்து எஸ். தமிழில் இயல்பாக இடம் முன்னே வரும். மொழிபெயர்ப்பவர் எஸ்ஸை முன்னேயும் டியைப் பின்னேயும் வைத்து, 2$, 1$ என்ற வரிசை எண்களைப் போட மறந்துவிட்டால், சி நிரல் எண்ணைச் சரமாகப் படிக்கப் போய் அப்படியே விழுந்துவிடும். எம்எஸ்ஜி-எஃப்எம்டியைச் சரிபார்ப்புத் தெரிவோடு ஓட்டினால் இதைப் பிடித்துப் பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் அந்தச் சோதனை வெளியீட்டு இரவில் மட்டும் ஓடினால், ஒரு மொழியின் ஒரு வரி மொத்தக் கட்டமைப்பையும் நிறுத்தும். அந்த இரவைப் பார்த்த பராமரிப்பாளர் அடுத்த முறை கடைசி வாரத்தில் எந்த மொழிபெயர்ப்பையும் இணைக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தீர்வு சோதனையை முன்னே நகர்த்துவது. ஒவ்வொரு இணைப்பிலும் எல்லாப் பிஓ கோப்புகளையும் தானியங்கியாகச் சரிபார்க்க வையுங்கள். வெப்லேட்டில் வடிவச் சோதனையைக் கட்டாயமாக்கினால், தவறும் சரம் தானாகவே 'திருத்தம் தேவை' நிலைக்குப் போய்விடும், களஞ்சியத்தை உடைக்காது.

இந்த வழி பொருந்துவது: மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு திருத்த வெளியீடு விட முடிகிற திட்டங்களுக்கு. ஆண்டுக்கு ஒரு முறைதான் டேக் இடுவோம் என்றால் பொருந்தாது. எஃப்-டிராய்ட் என்ற கட்டற்ற செயலிக் கிடங்கில் போகும் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கும் பெரும்பாலும் இதுதான் வழி. அங்கே மூல நிரலின் டேக்கிலிருந்து கட்டுவதால், டேக் இல்லாமல் மொழிபெயர்ப்பு நகராது. இட்ட பிறகும் சில நாள் ஆகும்.

## வழி 2: தனி மொழிப் பொதி

உபுண்டு இதைப் பெரிய அளவில் செய்கிறது. முதன்மைக் களஞ்சியத்தின் பொதிகளைக் கட்டும்போதே அவற்றிலுள்ள மொழிபெயர்ப்புகளைக் கழற்றி லாஞ்ச்பேட் என்ற தளத்துக்கு அனுப்பி, அங்கிருந்து தமிழுக்கென்று தனி மொழிப் பொதியாக வெளியிடுகிறது. ஐந்து ஆண்டு ஆதரவுள்ள நீண்டகாலப் பதிப்பில்கூட, மென்பொருளைத் தொடாமல் தமிழை மட்டும் இற்றைப்படுத்த முடியும். மேலே சொன்ன மூன்றாம், நான்காம் தேதிகளின் இடைவெளியைக் குறைக்க இதைவிட நல்ல ஏற்பாடு வழங்கல்களில் இல்லை.

விலை? முதன்மைக் களஞ்சியத்துக்கு வெளியே உள்ள மென்பொருள்களுக்கு இந்த வசதி கிடையாது. லாஞ்ச்பேட்டில் செய்த மொழிபெயர்ப்பு தானாக குனோமுக்குத் திரும்பிப் போகாது. அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று ஒரே பட்டியை இரண்டு விதமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். சிறிய குழு உபுண்டுவை மட்டும் குறிவைத்து லாஞ்ச்பேட்டில் இறங்குவது வீண் உழைப்பு. மூலத் திட்டத்திலேயே செய்யுங்கள். அது உபுண்டுவுக்கும் வரும், மற்றவற்றுக்கும் போகும்.

வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளின் செருகுநிரல்கள் (கூடுதல் வசதி சேர்ப்பவை) வேறு கதை. அங்கே மொழிப் பொதிதான் இயல்பான வழி, வேகமும் உண்டு. செருகுநிரலின் நிலைப் பதிப்பிலுள்ள சரங்களில் 90% மொழிபெயர்க்கப்பட்டு ஒப்புதலும் பெற்றால் பொதி தானாக உருவாகி, தளங்களுக்குத் தானாகவே இறங்கும். செருகுநிரலின் புதிய பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த எல்லை கறாரானது. 400 சரங்கள் உள்ள செருகுநிரலில் 360 வேண்டும். 359 முடித்தவரின் உழைப்பில் ஒரு சொல்கூடப் பயனரை அடையாது. எனவே பத்து செருகுநிரலைப் பாதிப் பாதி செய்வதைவிட, 80 சரமுள்ள சின்னதை முழுதாக முடிப்பது மேல். உருவாக்கக் கிளையை விட்டு நிலைக் கிளையிலேயே தொடங்குங்கள்.

இன்னும் இரண்டு பொறி. வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனி மொழிக் குறியீடுகள். ஒன்றில் முடித்தது மற்றொன்றுக்குப் போகாது. அடுத்தது, ஜாவாஸ்கிரிப்ட்டிலுள்ள சரங்கள் 5.0 பதிப்பிலிருந்து தனி ஜேசன் கோப்புகளாகப் போகின்றன. உருவாக்குநர் தன் ஸ்கிரிப்ட்டை அந்த மொழிக் கோப்போடு இணைக்கும் செயற்கூறை அழைக்காமல் விட்டிருந்தால், அமைப்புப் பக்கம் தமிழிலும் தொகுப்பான் (எடிட்டர்) ஆங்கிலத்திலும் நிற்கும். பொதியைக் குறை சொல்லிப் பயனில்லை. செருகுநிரலில் வழு பதியுங்கள்.

தனிப் பொதி என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். தனிக் கோப்பு வேறு, தனி நாட்காட்டி வேறு. லினக்ஸில் லிபர்ஆஃபிஸின் மொழிப் பொதி தனியே பதிவிறக்கப்படுகிறது. ஆனால் அது முதன்மைப் பொதியின் அதே பதிப்பாக இருக்க வேண்டும், அதோடுதான் வெளியாகிறது. ஃபிளாட்பேக் என்ற செயலிப் பொதி முறையில் மொழிக் கோப்புகள் தனி நீட்டிப்பாகப் பிரிகின்றன. அதுவும் செயலியோடு ஒன்றாகக் கட்டப்படுவதுதான், இடம் மிச்சமாகுமே தவிர நாள் மிச்சமாகாது. ஃபயர்பாக்ஸின் மொழிப் பொதியும் உலாவியின் பதிப்போடு பொருந்த வேண்டும். அங்கே வேகம் வருவது பொதியால் அல்ல. உலாவியே நான்கு வாரத்துக்கு ஒரு முறை வெளியாவதால்.

பதிப்புப் பொருத்தம் பற்றி ஒன்று. கெட்டெக்ஸ்ட் ஆங்கிலச் சரத்தையே சாவியாகக் கொண்டு தேடுகிறது. பழைய தமிழ்க் கோப்பும் புதிய மென்பொருளும் சேர்ந்தால், மாறிய சரங்கள் ஆங்கிலத்தில் தெரியும். அவ்வளவுதான், தவறான பொருள் வராது. ஆண்ட்ராய்டு, ஜேசன், மோசில்லாவின் ஃபுளுயன்ட் போன்ற கோப்பு வடிவங்கள் தனி அடையாளச் சாவியைக் கொண்டு தேடுகின்றன. சாவி அதேதான், பொருள் மட்டும் மாறியது என்றால், 'நீக்கு' என்று இருக்க வேண்டிய பொத்தானில் பழைய 'மூடு' நிற்கும். அதனால்தான் மோசில்லாவில் பொருள் மாறினால் சாவியையும் மாற்ற வேண்டும் என்பது விதி. உங்கள் திட்டம் சாவி முறையில் இருந்து, அந்த ஒழுக்கம் அங்கே இல்லை என்றால், தனிப் பொதி கேட்க வேண்டாம்.

## வழி 3: இணையம் வழி நேரடி

வலைச் செயலிகளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பு ஜேசன் கோப்பாக வழங்கியில் இருக்கிறது. மாற்றிப் போட்டால் அடுத்த முறை பக்கம் ஏறும்போது தமிழ் வரும். உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் (கேஷ்) பழைய கோப்பு தங்காமல் இருக்கக் கோப்புப் பெயரில் பதிப்புக் குறியீடு சேர்த்தால் போதும்.

மேசைக்கணினிக்கும் கைப்பேசிக்கும் இதைக் கொண்டுவருவது வேறு சமாச்சாரம். வணிக மொழிபெயர்ப்புத் தளங்கள் இந்த வசதியை ஆயத்தமாகத் தருகின்றன, எளிதாகவும் தோன்றும். ஆனால் செயலி திறக்கும்போதெல்லாம் ஒரு வெளி வழங்கிக்கு வேண்டுகோள் போகிறது. யார், எப்போது, எந்த மொழியில் திறந்தார் என்பது அங்கே பதிவாகும். கட்டற்றதல்லாத சேவையைச் சார்ந்திருந்தால் எஃப்-டிராய்ட் அதை விரும்பத்தகாத கூறாகக் குறிக்கும். இணையம் இல்லாதபோது காட்ட உள்ளே ஒரு பிரதி எப்படியும் வேண்டும், ஆக முதல் வழியின் வேலை குறையவில்லை.

பெரிய ஆபத்து வேகமேதான். நடுவில் வடிகட்டி எதுவும் இல்லாததால், யாரோ விளையாட்டாக எழுதிய வசைச்சொல் பத்து நிமிடத்தில் எல்லோர் திரையிலும் இருக்கும். சரத்தை எச்டிஎம்எல் ஆகச் செருகும் செயலியாக இருந்தால் மொழிபெயர்ப்பு வழியே ஸ்கிரிப்ட்டையே நுழைக்கலாம். ஆகவே இந்த வழியில் ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் கட்டாயம் என்றால் முதல் இடைவெளி மீண்டும் வளரும்.

மேசைக்கணினித் திட்டங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். நீங்களே வழங்கி நடத்தும் வலைச் செயலி என்றால் தயங்க வேண்டாம்.

## வழி 4: கையால் கொடுப்பது

பிஓ கோப்பை எம்எஸ்ஜி-எஃப்எம்டி கொண்டு எம்ஓ ஆக்கி, கணினியின் மொழி அடைவில் தமிழ்ப் பகுதிக்குள் வைத்தால் உடனே வேலை செய்யும். அடுத்த இற்றையில் பொதி மேலாளர் அதன் மேலேயே எழுதிவிடும். ஃபிளாட்பேக், ஸ்னாப் செயலிகளின் அடைவுகள் படிக்க மட்டுமே என்பதால் அங்கே இது நடக்காது.

பரப்புவதற்கு இது உதவாது. சோதிக்க இதைவிட நல்லது இல்லை. பொத்தானில் தமிழ் நீண்டு வெட்டுப்படுவதை வெளியீட்டுக்கு முன்பே பார்க்கலாம். மொழிச் சூழல் மாறியைத் தமிழுக்கு வைத்தும் ஆங்கிலமே தெரிந்தால், கணினியின் அடிப்படை மொழிச் சூழல் 'சி' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் கெட்டெக்ஸ்ட் அந்த மாறியைக் கண்டுகொள்ளாது. கேடிஈ செயலிகளில் பட்டியிலிருந்தே செயலியின் மொழியை மாற்றலாம்.

## ஒப்புதலில் தேங்கினால்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! முதல் இடைவெளி பெரிது என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொன்ன நான்கும் இரண்டாம் பட்சம்.

இரண்டு மூன்று பேர் குழுவென்றால் வெப்லேட்டில் மறுபார்வைப் படியை இயக்கவே வேண்டாம். அது பெரிய குழுவுக்கானது. சிறிய குழுவில் ஒருவர் ஊருக்குப் போனால் எல்லாம் நிற்கும். அதற்குப் பதில் பரிந்துரை வாக்களிப்பை இயக்கி, இரண்டு வாக்கு வந்தால் தானாக ஏற்கும்படி வையுங்கள். வேர்ட்பிரஸில் ஒப்புதல் அதிகாரம் தொகுப்பாசிரியர்களிடம் மட்டுமே. அங்கே உங்கள் செருகுநிரலுக்கு மட்டுமான தொகுப்பாசிரியர் பொறுப்பைக் கேட்டு வாங்குவதுதான் குறுக்கு வழி.

மறுபார்வையில் நேரம் போவது பெரும்பாலும் பிழைகளால் அல்ல, தீராத விவாதங்களால். 'ஃபைல்' என்பதற்குக் கோப்பா ஆவணமா, மாறிக்குப் பின்னால் 'ஐ' உருபை ஒட்டுவதா 'கோப்பு:' என்று தனியே பிரித்து எழுதுவதா என்று ஒவ்வொரு சரத்திலும் பேசினால் மாதம் போதாது. கலைச்சொல் பட்டியலில் ஒரு முறை முடிவுசெய்து, வெப்லேட்டின் சொற்களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். மொழிபெயர்ப்பவருக்குப் பக்கத்திலேயே தெரியும்.

## பராமரிப்பாளரிடம் என்ன கேட்பது

"தமிழ் வரவில்லை" என்று எழுதாதீர்கள். நான்கு தேதிகளையும் எழுதி, எந்த இடைவெளி என்று காட்டி, ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். முதல் வழியில் இருக்கும் திட்டத்துக்குக் கேட்கத்தக்கது இது: வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பு சரங்களை உறையவைத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு அறிவிப்பது, வெளியீட்டு நாளன்று வெப்லேட் கூறைப் பூட்டி, நிலுவையில் இருப்பதைக் கமிட் செய்து தள்ளி, இணைத்து, டேக் இட்டு, பூட்டைத் திறப்பது. பூட்டாமல் செய்தால் அதே நேரத்தில் யாராவது சேமித்து இணைப்பு மோதல் வரும். பிஓ கோப்பில் வரி எண் குறிப்புகளும் சேர்ந்து மாறுவதால் அதைக் கையால் பிரிப்பது எரிச்சலான வேலை. வெப்லேட்டின் கட்டளைவரிக் கருவியில் பூட்டு, கமிட், தள்ளு, திற என நான்கு கட்டளைகளும் இருக்கின்றன. அவற்றை வெளியீட்டு ஸ்கிரிப்ட்டில் எழுதி, புல் ரிக்வெஸ்ட்டாகவே அனுப்பிவிடுங்கள்.